மண்ணின் கண்கள்

வேப்பூரைத் தாண்டி விருத்தாசலம் போகும்போதெல்லாம், அவ்வூரார் வேகவைக்கும் பீங்கானைவிட மெருகிடாத மண்ணே என் நினைவில் நிற்கும். மெருகேறிய கோப்பையில் காற்று நுழையாது. வெறும் சுட்ட மண்ணிலோ கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரம். பானைத் தண்ணீர் குளிர்வதும் அவற்றால்தான்.

ஸ்காட்லாந்துக்காரரான தாமஸ் கிரஹாம், காரையின் நுண்துளைகளில் வாயுக்களைக் கசியவிட்டுக் கண்டதை 1833-ல் வெளியிட்டார். கனத்த வாயு பின்தங்கும், லேசானது முந்தும். பிராணவாயு ஒரு பங்கு கசியும் நேரத்தில் ஹைட்ரஜன் நான்கு பங்கு கசிந்துவிடும்!

1913-ல் கேம்பிரிட்ஜில் ஆஸ்டன், புகைக்குழாய்க் களிமண் வழியே நியானைத் திரும்பத் திரும்பச் செலுத்தி, அதன் லேசான பகுதியையும் கனத்த பகுதியையும் ஓரளவு பிரித்தார்.

முப்பது ஆண்டுகளில் அமெரிக்காவில் களிமண்ணின் இடத்துக்கு நிக்கல் சல்லடை வந்தது. நியானின் இடத்துக்கு யுரேனிய வாயு. 1945-ல் ஹிரோஷிமாவை எரித்த குண்டுக்கு அந்தச் சல்லடையும் உதவிற்று.

துளைக்குத் தெரிந்தது எடை ஒன்றுதான். பாவமும் புண்ணியமும் சலிப்பவன் கணக்கு.