தீர்ப்புக்குப் பின்



நீதிபதி தண்டனையைக் கூறி எழுந்தவுடன் வழக்கு முடிந்துவிட்டதென்றே பலரும் கருதுகின்றனர். வல்லத்திராக்கோட்டையில் நான் ஆசிரியப் பணி ஆற்றிய நாட்களில், வ. உ. சிதம்பரம் பிள்ளையின் வழக்கைக் கூறும்போதெல்லாம், "பிறகு என்ன ஆயிற்று, ஐயா?" என்று பிள்ளைகள் வினவுவர். நல்ல வினா. அதற்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

1908 மார்ச் 12இல் சிதம்பரனார் கைதானார். ஜூலை 7இல் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே அவருக்கு ஆயுட்கால நாடுகடத்தல் தண்டனை விதித்தார். சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்தாண்டு. செய்தி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். தண்டனை ஒருவருக்கு விதிக்கப்படுகிறது. அதன் அடி குடும்பத்தின் மீதும் விழுகிறது.

தீர்ப்புக்குப் பின் நீதிமன்றம் சிறையதிகாரிக்கு ஓர் ஆணை அனுப்பும். அவ்வாணையின்றி எவரையும் தண்டனைக் கைதியாகச் சிறையில் ஏற்க இயலாது. 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டப்படி, சிறைக்கு வருவோரைச் சோதித்து, உடைமைகளை வாங்கிவைத்து, மருத்துவர் உடல்நிலையைக் குறித்துக்கொள்வார். ஜூலை 9இல் சிதம்பரனார் கோயமுத்தூர்ச் சிறை சேர்ந்தார். வழக்கறிஞராய் நீதிமன்றத்தில் வாதிட்டவர், அங்கே கைதியுடையில் செக்கிழுத்தார்.

ஆயினும் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தே வைத்திருந்தது. அதுவே மேல்முறையீடு. அதன் பயனாக, 1908 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனையை ஆறாண்டாகக் குறைத்தது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையானார். முதல் தீர்ப்பே முடிந்த முடிபாக இருந்திருப்பின், அவர் கதை வேறாகியிருக்கும்.

அந்நாளில் நம் வல்லத்திராக்கோட்டை புதுக்கோட்டை மன்னராட்சியின் கீழ் இருந்தது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. இன்று நெல்லைக்கும் நமக்கும் சட்டம் ஒன்றே. நாடுகடத்தல் என்னும் தண்டனை 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒழிந்தது. விசாரணைக் காலத்தில் சிறையிலிருந்த நாட்களைத் தண்டனையில் கழித்துக்கொள்ளும் உரிமை 1973ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 2023ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் படி உடனே இலவசமாகத் தரப்படல் வேண்டும். மூன்றாண்டுக்கு மேற்படாத தண்டனையாயின், முன்பே ஜாமீனில் இருந்தவர் மேல்முறையீடு செய்யும்வரை, அதே நீதிமன்றம் பொதுவாக ஜாமீன் வழங்கும். சிறையிலுள்ளவருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.

சிதம்பரனார் சட்டம் கற்றவர். தமக்குள்ள வழியை அறிந்திருந்தார். சட்டம் அறியாத எளியவனோ, தீர்ப்பு நாளன்று திகைத்து நிற்கிறான். அவ்வேளையில் அவன் வீட்டாரிடம், "தீர்ப்பின் படியைக் கேளுங்கள், மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிடாதீர்கள்" என்று கூறுவார் ஒருவர் வேண்டும். கற்ற நீங்கள் அந்த ஒருவராக இருங்கள்.