தைரியத்துக்கு ரெண்டு பெக்: விமானப் பயணத்தில் பயமும் மதுவும்

ஜீயபுரம், முத்தரசநல்லூர், பெட்டவாய்த்தலை என்று கரூர் சாலையை ஒட்டிய காவிரிக்கரை ஊர்களில், சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ வளைகுடாவுக்கோ ஒருவரையேனும் அனுப்பாத தெரு அரிது. அவர்களுக்கெல்லாம் வாசல் திருச்சி விமான நிலையம்தான். முதன்முறை விமானம் ஏறுகிறவருக்கு ஊரில் கிடைக்கும் யோசனைகளில் இதுவும் ஒன்று: “பயமா இருந்தா ரெண்டு பெக் போட்டுக்க மாப்ள, உக்காந்ததும் தூக்கம் வந்துரும்.” அக்கறையோடு சொல்லப்படும் இந்த யோசனை குடித்தவரின் உடலுக்குக் கேடு, உடன் பறப்பவர்களுக்கும் ஆபத்து. போதையை ஒழுங்கீனமாக மட்டுமே பார்க்கும் நம் விமான விதிகள், அதற்குப் பின்னாலிருக்கும் பயத்தைக் கண்டுகொள்வதே இல்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் உடல். மேலே போனால் ஒரு பெக் ரெண்டு பெக் ஆகிவிடும் என்ற பேச்சு பரவலாக உண்டு. ஆனால் உயரத்தால் இரத்தத்தில் ஆல்கஹால் அளவு கூடுவதில்லை. குறைவது ஆக்சிஜன். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயர மலைப்பகுதியில் இருப்பதற்குச் சமம். ஜெர்மனி விண்வெளி மையத்தின் ஆய்வாளர்கள் 18 முதல் 40 வயதுவரையுள்ள 48 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2024இல் ‘தோராக்ஸ்’ இதழில் வெளிவந்தது. விமானத்தில் இருப்பதுபோன்ற அழுத்தத்தில், குடித்துவிட்டு உறங்கியவர்களின் இரத்த ஆக்சிஜன் சுமார் 85 சதவீதத்துக்கு இறங்கியது. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 88ஐத் தொட்டது. தரைமட்ட அழுத்தத்தில் குடிக்காமல் உறங்கியவர்களுக்கு அவை 96 சதவீதமும் 64 துடிப்பும். சோதிக்கப்பட்டவர்கள் ஆரோக்கியமான இளையவர்கள். மகனைப் பார்க்கக் கோலாலம்பூர் போகும் அறுபது வயது இதய நோயாளிக்கு இந்த வீழ்ச்சி என்ன செய்யும் என்று மருத்துவரிடம் கேட்க வேண்டியதில்லை.

பயமாவது தீருகிறதா? மதுவை நேரடியாகச் சோதிக்காவிட்டாலும், 1997இல் வில்ஹெல்ம், ராத் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். விமானப் பயம் கொண்ட பெண்களில் ஒரு பிரிவினருக்குப் பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்துப் பறக்க வைத்தார்கள். அன்று மருந்து எடுத்தவர்கள், பயம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து மாத்திரை இல்லாமல் பறந்தபோது அவர்களில் 71 சதவீதம் பேரைக் கடும் பீதி பிடித்தது. மற்றவர்களில் 29 சதவீதம்தான். பயத்தோடு பறந்து பழகியிருந்தால் மனம் கற்றிருக்கக்கூடிய பாடத்தை மருந்து தடுத்துவிட்டது. மூளையில் மதுவும் ஏறக்குறைய அதே வழியில் வேலை செய்கிறது. இரண்டையும் கலந்து எடுத்தால் மூச்சே தளர்ந்துவிடும்.

இனி பாதுகாப்பு. 2024 அக்டோபர் 11ஆம் தேதி மாலை, 141 பயணிகளோடு திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. அந்த ரக விமானத்தில் எரிபொருளை வானிலேயே கொட்டிவிட வழி கிடையாது. எடையைக் குறைக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேல் திருச்சி வட்டாரத்திலேயே சுற்றியது. ஓடுதளத்தருகே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் வரிசைகட்டி நின்றன. இரவு எட்டு மணிக்குப் பிறகு பத்திரமாக இறங்கியது. எல்லோரும் தப்பியதால் அந்த மாலையின் இன்னொரு சாத்தியத்தை நாம் யோசிப்பதில்லை. அவசர வழிகளில் பாதியை அடைத்துவிட்டாலும் 90 விநாடிக்குள் அனைவரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமான ரகத்துக்கு அனுமதி கிடைக்கும். அந்தக் கணக்கில் தடுமாறும் கால்களுக்கு இடமில்லை. நடைபாதையோர இருக்கையில் ஒருவர் போதையில் துவண்டு கிடந்தால், ஜன்னலோரம் இருப்பவர் அவரைத் தாண்டித்தான் வெளியேற வேண்டும்.

நம் விதிகள் என்ன சொல்கின்றன? விமானிக்குப் பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் மது கூடாது. ஊதிக் காட்ட வேண்டும். உள்நாட்டு விமானங்களில் மது பரிமாறுவதற்கும் குடிப்பதற்கும் தடை. இந்தத் தடையை நான் ஆதரிக்கிறேன். ஆனால் ஏறும் முன்பே குடித்துவிட்டு வருகிறவரை அது தொடுவதில்லை. பன்னாட்டு விமானங்களுக்கு அது பொருந்துவதும் இல்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017இல் வகுத்த மூன்று படிநிலைகளில், போதையில் ஒழுங்கு தவறுவது முதல் படி. மூன்று மாதம்வரை பறக்கத் தடை. தள்ளுவது, அடிப்பது இரண்டாம் படி, ஆறு மாதம்வரை. உயிருக்கு ஆபத்து விளைவித்தால் குறைந்தது இரண்டு ஆண்டுகள்.

எல்லாமே நடந்து முடிந்த பிறகு வரும் தண்டனைகள். 2022 நவம்பர் 26ஆம் தேதி நியூயார்க்–டெல்லி ஏர் இந்தியா விமானத்தில், போதையிலிருந்த பயணி ஒருவர் தன்மீது சிறுநீர் கழித்தார் என்று ஒரு மூதாட்டி புகார் செய்தார். டாட்டா குழுமத் தலைவர் என். சந்திரசேகரனுக்கே கடிதம் எழுதினார். காவல்துறை வழக்குப் பதிந்தது 2023 ஜனவரியில்தான். நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம். விமானியின் உரிமம் மூன்று மாதம் நிறுத்தம். பின்னர் அந்நிறுவனம் தன் ஊழியர்களுக்குத் தந்த வழிகாட்டுதல் கவனிக்கத்தக்கது: பயணியைக் குடிகாரர் என்று சொல்லாதீர்கள், ‘கடைசியாக ஒன்று’ என்று கெஞ்சினாலும் ஊற்றாதீர்கள். நல்ல வார்த்தைகள்தான். ஆனால் முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில், சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்கும் பணிப்பெண்ணின் தலையில் முழுப் பொறுப்பையும் ஏற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பொறுப்பைத் தரைக்கு இறக்க வேண்டும். செக்-இன் கவுன்ட்டரிலும் போர்டிங் கேட்டிலுமே கண்காணிக்கச் சொல்லி 2017 விதியிலேயே வாசகம் இருக்கிறது. தள்ளாடுகிறவரை அங்கே நிறுத்தினால் அவருக்கு ஒரு டிக்கெட் போகும், அவ்வளவே. பயந்தவருக்கு வேறு உதவி வேண்டும். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு வெளியுறவு அமைச்சகம் புறப்பாட்டுக்கு முந்தைய பயிற்சி நடத்துகிறது. அதில் விமானத்துக்கென்று அரை மணி நேரம், தமிழில், ஒதுக்கலாம். கிளம்பியதும் காலடியில் கேட்கும் ‘டொக்’ சத்தம் சக்கரம் உள்ளே மடங்குவது. காது அடைத்தால் எச்சில் விழுங்கினால் போதும். குலுக்கல் குறைவாகத் தெரிய இறக்கையை ஒட்டிய இருக்கையைக் கேட்டு வாங்கலாம். பயமாக இருந்தால் பணிப்பெண்ணிடம் அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை. இவ்வளவும் தெரிந்து ஏறுகிறவருக்கு அந்த ரெண்டு பெக்கின் தேவை பெருமளவு குறைந்துவிடும்.