கதியாலும் கொடிக்கம்பமும்

போன மாசம் அடித்த காற்றில் எங்கட பின்வளவில் ஒரே இரவில் இரண்டு சாமான் விழுந்தது. ஒன்று, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் நின்ற பலகை வேலி, ஒரு இருபதடி நீளத்துக்கு. மற்றது, உடுப்புக் காயப்போடுற கொடியின் ஒரு பக்கக் கம்பம். மெல்பேர்னில் இந்த வேலைக்கு ஆளைக் கூப்பிட்டால் கேட்கிற காசுக்கு உடுப்புக் காயவைக்கிற மெஷினே வாங்கிப் போடலாம். ஆகவே சனிக்கிழமை காலமை நானே அலவாங்கோடு இறங்கினேன். (கொப்புளம் போட்ட விரலோடுதான் இதைத் தட்டுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்தருள்க :-))

முறிந்த கம்பங்களைப் புரட்டிப் பார்த்தேன். மேல்பக்கம் நல்ல திடமான மரம். மண்ணுக்குள் ஆழத்தில் இருந்த அடியும் அவ்வளவு மோசமில்லை. முறிந்தது சரியாக நிலமட்டத்தில், ஒரு சாண் நீளத்தில். விரலால் கிள்ள உதிர்ந்தது. காரணம் பெரிய விஞ்ஞானம் இல்லை. மரத்தை உக்கவைக்கிற பூஞ்சணத்துக்கு ஈரமும் வேணும், காற்றும் வேணும். மேலே காற்று உண்டு, ஈரம் நிற்காது. ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. இரண்டும் சேர்ந்து கிடைக்கிற இடம் அந்த ஒரு சாண்தான். மனிசர் கம்பம் நடத் தொடங்கின நாள் முதல் இந்த ஒரு சாணோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கினம்.

இதற்கு யாழ்ப்பாணத்தில் எங்கட ஆக்கள் கண்ட வழி கதியால். தமிழ்நாட்டு நண்பர்களுக்காக ஒரு விளக்கம்: கிளுவை, பூவரசு, முள்முருக்கு போன்ற மரங்களில் நேரான தடியாக வெட்டி, மாரி மழை தொடங்கிற நேரம் வேலிக்கரையில் நட்டால் அது வேர்விட்டுத் துளிர்க்கும். அதுதான் கதியால். அப்பப்பா அலவாங்கால் குழி போடுவார். தடியின் அடியைச் சரிவாகச் சீவி இறக்கி, சுற்றிவர மண்ணை இறுக்குவார். பிறகு குறுக்கே வரிச்சுப் பிடித்து, பனையோலையோ கிடுகோ வைத்து அடைக்கிறது. வேலிக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் நின்று குத்தூசியால் கட்டு வாங்கிக் குடுக்க வேணும். ஓலையைக் கறையான் தின்னும், அதனால் அடிக்கடி மாற்றவேணும். கதியாலை மாற்றத் தேவையில்லை. உயிரோடு நிற்கிற மரம் சும்மா உக்காது. மேலதிகமாக வெட்டுற குழை ஆட்டுக்கும் தோட்டத்துப் பசளைக்கும் ஆகும்.

எங்கட வளவின் கிழக்கு வேலியில் ஒரு பூவரசங் கதியால் நல்லாய்ப் பருத்துப் போயிருந்தது. அதிலிருந்து கிணற்றடித் தென்னைக்குக் கம்பி இழுத்ததுதான் எங்கட உடுப்புக்கொடி. நனைந்த சாறம், சேலையெல்லாம் போட்டால் கொடி தொய்யும். நடுவில் ஒரு கவர்த்தடியால் முட்டுக் குடுக்கிறது.

அதே வேலியில் ஒரு பொட்டும் இருந்தது. ஆள் குனிந்து போகிற அளவில் ஒரு ஓட்டை. அம்மாவும் கிழக்கு வீட்டு மாமியும் கறிவேப்பிலையில் இருந்து கல்யாணப் பேச்சு வரைக்கும் அதுக்குள்ளாலதான் பரிமாறினது. பிறகு ஒரு வருசம் வேலி அடைக்கும்போது கதியால் ஒரு முழம் தள்ளி நடப்பட்டது எண்டு கதை கிளம்பிச்சு. எங்கட பக்கமோ அவையின்ர பக்கமோ, இண்டைக்கும் எனக்குத் தெரியாது. வழக்கு, நில அளவையாளர், உறுதி, வரைபடம்... பொட்டு அடைபட்டது. காணியில் எங்கட ஆக்கள் எவ்வளவு கவனம் எண்டதுக்குத் தேசவழமையே சாட்சி. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் எழுத்தில் தொகுத்த அந்தச் சட்டத்தில், காணியை விற்கும்போது பங்காளிகளுக்கும், அதை ஈடு பிடித்திருக்கிற அயல்காணிக்காரருக்கும் முன்னுரிமை குடுக்கவேணும் எண்டு இருக்கு. அயலவன் எண்டால் சண்டைக்காரன் மட்டும் இல்லை, உரித்துள்ளவனும்கூட.

சரி, மெல்பேர்னுக்கு வருவம். இங்கே கடையில் விற்கிற வேலிக்கம்பம் இளம்பச்சை நிறத்தில் இருக்கும். பைன் மரம். கெதியாய் வளரும், கெதியாய் உக்கும். அந்தப் பச்சைதான் அதைக் காப்பாற்றுகிறது. மரத்தைக் காப்பாற்ற 1838இல் ஜோன் பெத்தெல் எண்ட ஆங்கிலேயர் ஒரு வழி கண்டார். மரத்தைத் தொட்டிக்குள் பூட்டி, அழுத்தம் குடுத்து, நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த கிரியோசோட் எண்ணெயை உள்ளே ஏற்றினார். ரயில் சிலிப்பர்கட்டைகள் நிலைத்தது அதனால்தான். ஆனால் அது கருப்பு, நாற்றம். இதற்கு மாற்று வந்தது எங்கேயிருந்து தெரியுமோ? டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து. சொண்டி காமேசம் எண்ட இந்திய விஞ்ஞானி 1933இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்த கரைசலைக் கண்டுபிடித்தார். செம்பு பூஞ்சணத்தைத் தடுக்கும். ஆர்சனிக் கறையானைப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் மழையில் கழுவுப்படாமல் மரத்தோடு பிடித்துவைக்கிறது குரோமியம். உலகம் முழுக்க வேலியிலும் மின்கம்பத்திலும் நிற்பது அந்த மனுசன்ர மூளை. எங்கட பாடப்புத்தகத்தில் அவர் பெயரை நான் கண்டதில்லை.

ஒரு எச்சரிக்கை: ஆர்சனிக் நஞ்சு. அவுஸ்திரேலியாவில் 2006இல் இருந்து சிறுவர் விளையாட்டுச் சாமான்களுக்கும் வீட்டுத் தளங்களுக்கும் இந்த மரத்தைப் பாவிக்க விடுவதில்லை. வேலிக்கம்பத்துக்குத் தடை இல்லை. ஆனால் பழைய துண்டை அடுப்பிலோ பார்பிகியூவிலோ எரிக்கவே கூடாது.

கொடிக்கம்பத்துக்கு வேறு கதை. கவர்த்தடி முட்டுக் குடுத்த கொடி யாழ்ப்பாணத்தில் மட்டும் எண்டு நினைத்திருந்தேன். இங்கேயும் அதேதானாம்! 1945இல் அடிலெய்டில் லான்ஸ் ஹில் எண்ட மெக்கானிக்கின் மனைவி, கொடியும் தடியும் காணாது, வேற ஏதும் செய்து தாங்கோ எண்டு கேட்க, அவர் இரும்புக் குழாயில் குடை மாதிரிச் சுழலுகிற கொடி ஒன்றைச் செய்தார். அதுதான் பின்னாளில் ஊர் முழுக்கப் பரவின ஹில்ஸ் ஹொய்ஸ்ட். ஆனால் முதல் ஆள் அவர் இல்லை. ஜீலோங்கைச் சேர்ந்த கில்பர்ட் டொய்ன் 1920களிலேயே பற்சக்கரம் வைத்துச் சுற்றி உயர்த்துகிற முழு உலோகக் கொடிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். செய்தவர் ஒருவர், பெயர் நின்றது இன்னொருவருக்கு. காமேசத்துக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

நான் வாங்கினது சாதாரண இரும்புக் கம்பம். இரண்டடி ஆழக் குழி, அடியில் சல்லி, மேலே கொங்கிறீற். கொங்கிறீற்றின் மேல்மட்டம் நிலத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்து, வெளிப்பக்கம் சரிவாக இருக்கவேணும். தண்ணி கம்பத்தடியில் தேங்கினால் திரும்பவும் அந்த ஒரு சாண் சண்டைதான். கொடியின் இழுவைக்கு ஈடாகக் கம்பத்தை ஒரு நூல் வெளிப்பக்கம் சாய்த்து நிறுத்தினேன்.

அம்மா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா.

"தம்பி, இது எப்ப துளிர்க்கும்?"

பகிடிதான். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டபோது நாங்களும் போனது. 1996இல் திரும்பிப் போனால் வீட்டில் கதவு இல்லை, ஓடு இல்லை, வேலி ஓலை முழுக்கக் கறையான். கதியால்கள் மட்டும் வெட்ட ஆளில்லாமல் மரமாய் எழும்பி நின்றது. பூவரசில் கட்டின கொடிக்கம்பி பட்டைக்குள்ளே போய்விட்டது. நுனி மட்டும் வெளியில். எல்லை எது எண்டு சந்தேகமே இல்லை. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை. மாமி குடும்பம் திரும்பி வரவே இல்லை. அம்மா பொட்டு இருந்த இடத்தில் கன நேரம் நின்றா. "அந்த ஒரு முழத்தை அவவே எடுத்திருக்கலாம்" எண்டு மட்டும் சொன்னா.

விக்ரோறியா மாநிலத்தின் 1968ஆம் ஆண்டு வேலிச் சட்டப்படி, பொது வேலிக்குச் செலவு பொதுவாக அயலவர் இருவருக்கும் பாதிப்பாதி. பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவி மறுபேச்சில்லாமல் தன்ர பங்கைத் தந்துவிட்டா. வேலி இல்லாமல் கிடந்த மூன்று கிழமையும் அவவும் அம்மாவும் பாஷை தெரியாமலே எலுமிச்சங்காயும் வடையும் மாற்றிக்கொண்டது வேறு கதை.

நேற்று கடைசிப் பலகையை அடிக்கப்போகும்போது அம்மா கேட்டா:

"தம்பி, அதில ஒரு பொட்டு விடேலாதோ?"

பலகை இன்னும் அடிக்கவில்லை. பிணைச்சல் போட்டு ஒரு சின்னப் படலையாக்கலாமோ எண்டு யோசிக்கிறேன். கிழவியிட்டயும் ஒரு சொல்லுக் கேக்கவேணும். உங்கட ஊரில் கதியாலுக்கு என்ன பெயர், என்ன மரம் நடுவீர்கள் எண்டு பின்னூட்டத்தில் சொல்லுங்கோ.