சோறு போட்டவர் தோற்ற கதை

மின்சார ரயிலில் பரங்கிமலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு 1967 தேர்தல் நினைவுக்கு வரும். அப்போது நான் தாம்பரத்தில் மூன்றாம் வகுப்பு மாணவன். கழுத்தில் கட்டுடன் எம்.ஜி.ஆர். இருக்கும் சுவரொட்டி தெருவெங்கும் ஒட்டியிருந்தது. ஜனவரி 12 அன்று சுடப்பட்டவர், பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலைத் தொகுதியில் 27 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

அதனால் பலர் அதை ‘சினிமா ஜெயித்த தேர்தல்’ என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அரிசித் தட்டுப்பாடு வேறு. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார் அண்ணா. இராஜாஜியின் சுதந்திராக் கட்சி முதல் மார்க்சிஸ்ட் கட்சி வரை ஓரணியில் சேர்ந்தன. காங்கிரசுக்கு அப்போதும் சுமார் 41 சதவீத வாக்கு விழுந்தது. ஆனால் எதிர் வாக்குகள் சிதறவில்லை. தி.மு.க. 137 இடங்களைப் பிடித்தது. முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். காமராசர் விருதுநகரில், மாணவர் தலைவர் சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார்.

இங்கேதான் எனக்கு நெருடல். காமராசர் மேட்டுக்குடியில் பிறந்தவர் இல்லை. பாதியில் படிப்பை விட்டவர். ஊர் ஊராகப் பள்ளி திறந்தவர். நானே அவருடைய மதிய உணவைச் சாப்பிட்டு வளர்ந்தவன். ஆனால் என் அம்மா உதயசூரியனுக்குத்தான் ஓட்டுப் போட்டார். பெரியவனானதும் காரணம் கேட்டேன். “சோறு போட்ட புண்ணியவானை மறக்கலடா. வீட்டுல உலை வைக்க அரிசி வேணுமே?” என்றார்.

ரேஷன் வரிசையில் நின்றவரின் கணக்கு அது. எளியவர்களிடமிருந்து வந்த கட்சியும் இருபது ஆண்டு நாற்காலியில் இருந்தால், அந்த வரிசை அதன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மேட்டுக்குடி என்பது பிறப்பில் மட்டும் வருவதில்லை, தூரத்திலும் வருகிறது.

வென்றவர்களுக்கும் இது பொருந்தும். ரூபாய்க்கு ஒரு படி திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. மாநிலம் முழுக்கப் போய்ச் சேரவில்லை. அடுத்தடுத்து வந்த எல்லா ஆட்சிகளையும் என் அம்மா அதே அரிசிப் படியால்தான் அளந்தார்.

அந்தத் தேர்தலைப் பார்த்த பெரியவர்கள் இருந்தால், உங்கள் வீட்டில் யார் எதற்காக ஓட்டுப் போட்டார்கள் என்று எழுதுங்கள். பிள்ளைகள் படிக்கட்டும்.