அடித்த கையும் வரைந்த கையும்

1940 டிசம்பர் 20 அன்று அமெரிக்கப் பத்திரிகைக் கடைகளுக்குப் பத்து சென்ட் விலையில் ஒரு புதிய காமிக்ஸ் புத்தகம் வந்தது. அமெரிக்கக் கொடியையே உடுப்பாகத் தைத்துப் போட்டுக்கொண்டதுபோல் தோற்றமளிக்கும் ஒருவன் அதன் அட்டையில் ஹிட்லரின் தாடையில் ஓங்கிக் குத்துகிறான். சுற்றிலும் நாஜிப் படையினர் துப்பாக்கியால் சுடுகிறார்கள். அவன் பெயர் கேப்டன் அமெரிக்கா. அவனைப் படைத்த ஜோ சைமன், ஜாக் கிர்பி இருவரும் யூதக் குடும்பங்களிலிருந்து வந்த இளைஞர்கள். ஏறக்குறைய பத்து லட்சம் பிரதிகள் விற்றன.

அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிருக்கவில்லை. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு இன்னும் ஓராண்டு இருந்தது. நியூயார்க்கிலேயே நாஜி ஆதரவாளர்கள் வெளிப்படையாக இயங்கினார்கள். படைப்பாளிகளுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. நகர மேயர் லா கார்டியா தானே தொலைபேசியில் அழைத்து, பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார் என்று சைமன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதற்கும் முன்பே, 1940 பிப்ரவரியில், ‘லுக்’ இதழின் இரண்டு பக்கங்களில் சூப்பர்மேன் ஹிட்லரையும் ஸ்டாலினையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நிறுத்தினான். ஹிட்லரின் எஸ்.எஸ். படையுடைய வார இதழ் அந்த ஏப்ரலில், சூப்பர்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகலின் யூதப் பிறப்பைக் கேலி செய்து ஒரு கட்டுரையே எழுதியது. பெரும் படைகள் வைத்திருந்தவர்களுக்குக் குழந்தைகளின் படக்கதையைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இவை காமிக்ஸ் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதைகள். துணிச்சலான காரியங்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தக் கதையில் அடிப்பவன் ஆண், அடிவாங்குகிறவன் ஆண், வரைந்தவர்களும் ஆண்கள். ஒரு குத்தில் முடிந்துவிடுகிற விவகாரமாக சர்வாதிகாரம் இங்கே காட்டப்படுகிறது. பெண்களின் பக்கம் நின்று பார்த்தால் அது அப்படி முடிவதில்லை.

நாஜி அரசு முதலில் கைவைத்த இடங்களில் ஒன்று சமையலறை. 1933இல் அது திருமணக் கடன் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. புதுமணத் தம்பதிக்கு 1000 மார்க் வரை கடன் கிடைக்கும். மனைவி வேலையை விட வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு குழந்தை பெற்றால் கடனில் கால் பங்கு தள்ளுபடி, நான்கு பெற்றால் முழுக்கடனும் அடைந்துவிடும். 1934 செப்டம்பரில் நியூரம்பெர்க்கில் பெண்கள் முன்பு பேசிய ஹிட்லர், பெண்ணின் உலகம் கணவன், குடும்பம், பிள்ளைகள், வீடு என்று வரையறுத்தார். 1938இல் தாய்மார்களுக்குப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. நான்கு பிள்ளைகளுக்கு வெண்கலம், ஆறுக்கு வெள்ளி, எட்டுக்குத் தங்கம். இந்தப் பதக்கம் எல்லாத் தாய்களுக்கும் உரியதல்ல. ‘தூய ரத்தம்’ என்று அரசு முத்திரை குத்திய தாய்களுக்கு மட்டும்தான். மற்றவர்களின் பிள்ளைகளுக்கு அந்த நாட்டில் வாழ்வதற்கே இடமில்லை. கருப்பையைக் கணக்கெடுக்கிற ஆட்சியை எதிர்ப்பதென்றால் தாடையில் குத்துவது மட்டும் போதுமா?

போதாது என்று காட்டும் படக்கதைகளைப் பெண்கள் அந்தக் காலத்திலேயே வரைந்தார்கள். அவற்றைத் தேடி எடுக்க நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆயின.

1941 ஏப்ரல் 6 அன்று அமெரிக்க நாளிதழ்களின் ஞாயிறு வண்ணப் பக்கத்தில் ஒரு தொடர் தொடங்கியது. கருஞ்சிறுத்தைத் தோலை உடுப்பாக அணியும் மார்லா டிரேக் என்ற பணக்காரப் பெண்தான் நாயகி. சில மாதங்களில் தொடரின் பெயர் ‘மிஸ் ஃப்யூரி’ என்றானது. வொண்டர் வுமன் அறிமுகமாவதற்கு ஆறு மாதம் முன்பே வந்தவள் இவள். எழுதி வரைந்தவர் பெயர் டார்ப்பே மில்ஸ் என்று அச்சாகியிருந்தது. முழுப்பெயர் ஜூன் டார்ப்பே மில்ஸ். ‘ஜூன்’ என்றால் பெண் என்று தெரிந்துவிடும் என்பதால் அவரே அதை நீக்கினார். இவ்வளவு முரட்டுப் பாத்திரங்களை உருவாக்குவது ஒரு பெண் என்று தெரிந்தால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள் என்று செய்தியாளரிடம் சொல்லியிருக்கிறார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்தத் தொழிலில் பெண் நுழைய வேண்டிய வாசல் எவ்வளவு குறுகலானது என்பது அதில் தெரிகிறது.

மில்ஸின் கதையில் நாஜிகள் வெறும் அடியாட்களாக வருவதில்லை. எரிக்கா வான் காம்ப் என்ற சீமாட்டி வருகிறாள். அவள் நெற்றியில் ஸ்வஸ்திகா சூடுபோட்ட தழும்பு இருக்கிறது. அதை முன்நெற்றி மயிரால் மறைத்துக்கொண்டு விருந்துகளில் உலவுகிறாள். பாசிசம் அழகாக உடுத்திக்கொண்டு நம் வீட்டு விருந்திலும் உட்கார்ந்திருக்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. நாஜிகளோடு தொடர்புள்ள ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்திலிருந்து மார்லா ஒரு சிறு குழந்தையைக் காப்பாற்றுகிறாள். அது எதிரி எரிக்காவின் பிள்ளைதான். மார்லா அதைத் தத்தெடுத்து, மணமாகாத தாயாக வளர்க்கிறாள். 1940களின் ஞாயிறு பத்திரிகையில் இது சாதாரண விஷயமல்ல. ரத்தத்தைக் கொண்டு பிள்ளைகளைத் தரம் பிரித்த ஆட்சிக்கு எதிரே, யார் பெற்ற பிள்ளை என்று பார்க்காமல் எடுத்து வளர்க்கும் ஒருத்தியை மில்ஸ் நிறுத்தினார்.

இன்னொருவர் லில்லி ரெனே. 1921இல் வியன்னாவின் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபோது அவர் பள்ளி மாணவி. 1939இல், யூதப் பிள்ளைகளை பெற்றோரில்லாமல் இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்த ரயில் பயணங்களில் ஒன்றில் ஏற்றப்பட்டு லீட்ஸ் நகருக்குப் போனார். அடைக்கலம் தந்த வீடு அவரை வேலைக்காரியாக நடத்தியது. அங்கிருந்து வெளியேறி பிள்ளை பார்ப்பவராகவும் மருத்துவமனை உதவியாளராகவும் வேலை செய்தார். போர் தொடங்கியதும், ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த அந்தப் பெண்ணே இங்கிலாந்தின் கணக்கில் ‘எதிரி நாட்டவர்’ ஆனார். பெற்றோர் உயிரோடு நியூயார்க் சேர்ந்திருந்தார்கள். அவரும் கப்பலேறி அவர்களிடம் போய்ச் சேர்ந்தார்.

ஓவியர்கள் தேவை என்று ஒரு காமிக்ஸ் நிறுவனம் கொடுத்த விளம்பரத்தைப் பத்திரிகையில் பார்த்துச் சொன்னது அவர் அம்மா. ஃபிக்‌ஷன் ஹவுஸ் என்ற அந்த நிறுவனத்தின் ஆண் ஓவியர்கள் பலர் படைக்குப் போய்விட்டதால் பெண்களுக்கு இடம் கிடைத்தது. மற்றவர்கள் வரைந்த பக்கங்களில் பென்சில் கோடுகளை அழிப்பதுதான் ரெனேயின் முதல் வேலை. பிறகு பின்னணிகளை வரைந்தார். அதன்பின் முழுக்கதைகள் அவர் கைக்கு வந்தன. அவற்றில் முக்கியமானது ‘செனோரிட்டா ரியோ’. ரீட்டா ஃபாரர் என்ற ஹாலிவுட் நடிகையின் காதலன் பேர்ல் ஹார்பரில் சாகிறான். அவள் தன்னையும் செத்துப்போனவளாக உலகத்தை நம்பவைத்துவிட்டு, தென் அமெரிக்காவில் நாஜிகளை வேட்டையாடும் உளவாளியாகிறாள். இந்தப் பாத்திரத்தை முதலில் வரைந்தவர் ஓர் ஆண் ஓவியர். ஆனால் அதில் தன் சொந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டவர் ரெனேதான். தன்னால் செய்ய முடியாத பழிவாங்கலை அவள் மூலம் செய்தேன் என்கிற பொருளில் பல பேட்டிகளில் பேசியிருக்கிறார்.

ரியோவின் ஆயுதங்கள் வேடம், பொய்ப்பெயர், விட்டுவந்த பழைய வாழ்க்கை. அகதியாக ஓடிய எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த ஆயுதங்கள் இவை. ரெனே ‘எல். ரெனே’ என்று கையெழுத்திட்டார். வாசகர் கடிதங்கள் ‘திரு. ரெனே’ என்று விளித்து வந்தன. நாஜிகளை அடிக்கும் அழகியை ரசித்தவர்களுக்கு, வரைபவள் நாஜிகளிடமிருந்து தப்பி வந்த இளம்பெண் என்று தோன்றவே இல்லை.

வொண்டர் வுமனின் நிலையும் யோசிக்கத் தக்கது. கடவுளருக்கு நிகரான பலம் கொண்ட அவளை 1942இல் மற்ற நாயகர்கள் தங்கள் நீதிச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள், காரியதரிசியாக. ஆண்கள் சண்டைக்குப் போவார்கள், பெரும்பாலும் அவள் குறிப்பெடுத்துக்கொண்டு காத்திருப்பாள். கதைக்கு வெளியிலும் இதே நிலைதான். 1944 முதல் ஜாய் ஹம்மல் என்ற இளம்பெண் வொண்டர் வுமன் கதைகள் பலவற்றை எழுதினார். அச்சில் வந்தது அவர் பெயரல்ல, நாயகியைப் படைத்த வில்லியம் மார்ஸ்டனின் புனைபெயர்.

இந்தப் பெண்களைத் தூக்கிப்பிடிக்கும்போது இந்தப் படக்கதைகளின் குறைகளை மறைத்துவிடக் கூடாது. மிஸ் ஃப்யூரியின் சிறுத்தைத் தோல் ஓர் ஆப்பிரிக்க மந்திரவாதியின் சடங்கு உடுப்பு என்று கதை சொல்கிறது. தென் அமெரிக்கா ரியோவுக்கு ஒரு நாடக மேடை மட்டுமே. அந்தக் காலத்து அமெரிக்கக் காமிக்ஸ் ஜப்பானியரை மனிதர்களாகவே வரையவில்லை. இனவெறியனான ஒரு சர்வாதிகாரியை எதிர்த்த பக்கங்களிலேயே வேறொரு இனவெறி மை காயாமல் இருந்தது.

போர் முடிந்தது. ஆண்கள் திரும்பி வந்தார்கள். பெண்கள் வீட்டுக்குப் போகலாம் என்று அமெரிக்காவும் சொன்னது. ஹிட்லரின் சட்டத்தையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அங்கே உயிர் போனது, இங்கே வேலை போனது. ஆனால் பெண்ணின் இடம் எது என்ற எண்ணத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். 1947இல் மிஸ் ஃப்யூரி தொடரில் வந்த ஒரு பெண்ணின் உடை ஆபாசம் என்று 37 நாளிதழ்கள் அந்த நாளின் பகுதியை வெளியிடவில்லை. அதே ஆண்டில், ஹிட்லரைக் குத்திய சைமனும் கிர்பியும் காதல் காமிக்ஸ் தொடங்கிப் பெரும் வெற்றி கண்டார்கள். உளவாளிகளும் வீராங்கனைகளும் நின்ற பக்கங்களில் கண்ணீர் விடும் காதலிகள் வந்தார்கள். 1954இல் காமிக்ஸ் நிறுவனங்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட ஒழுங்குவிதி, காதல் கதைகள் இல்லத்தின் மதிப்பையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும் என்றது. மிஸ் ஃப்யூரி அதற்குள் நின்றுபோயிருந்தாள். லில்லி ரெனே காமிக்ஸை விட்டுவிட்டு, குழந்தைகள் புத்தகங்களும் நாடகங்களும் எழுதினார், துணிகளுக்கு வடிவங்கள் வரைந்தார். அவர் காமிக்ஸ் ஓவியராக இருந்ததைத் துறையே மறந்துபோனது.

இவர்களை மீட்டெடுத்ததும் ஒரு பெண்தான். காமிக்ஸ் ஓவியரும் பெண்ணியவாதியுமான டிரினா ராபின்ஸ், பெண்கள் காமிக்ஸ் வரைந்ததே இல்லை என்று அடித்துச் சொன்னவர்களுக்குப் பழைய இதழ்களைப் புரட்டிப் புரட்டிப் பதில் சொன்னார். 1985 முதல் புத்தகம் புத்தகமாக எழுதினார். லில்லி ரெனேயைத் தேடிக் கண்டுபிடித்து, 2011இல் அவர் வாழ்க்கையையே சித்திரக்கதையாகக் கொண்டுவந்தார். காமிக்ஸ் உலகின் பெரிய கௌரவமான ஐஸ்னர் விருதின் புகழ் மண்டபத்தில் டார்ப்பே மில்ஸ் 2019இல் சேர்க்கப்பட்டார், இறந்து முப்பத்தோரு ஆண்டு கழித்து. லில்லி ரெனேயின் பெயர் 2021இல் சேர்ந்தது. அடுத்த ஆண்டு, 101 வயதில், அவர் மறைந்தார். ராபின்ஸ் 2024இல் மறைந்தார்.

ஹிட்லரைக் குத்தும் அந்த அட்டைப்படத்தை இன்றும் சட்டையில் அச்சிட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். போடட்டும். சர்வாதிகாரியை அடிக்கும் படம் எந்தக் காலத்திலும் தேவைப்படும். அதன் பக்கத்தில், நியூயார்க்கின் ஓர் அலுவலக மேசையில் குனிந்து யாரோ போட்ட பென்சில் கோடுகளை அழித்துக்கொண்டிருந்த வியன்னாப் பெண்ணையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஹிட்லரின் ஆட்சி அவளை வீட்டிலிருந்தும் நாட்டிலிருந்தும் மொழியிலிருந்தும் அழிக்கப் பார்த்தது. அவள் அந்த மேசையிலிருந்தே தூரிகையை எடுத்து, அவனுடைய ஆட்களை வாராவாரம் தோற்கடித்து, கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவள் பெயரைத் தவறாமல் எழுதுவதாவது நம் வேலையாக இருக்கட்டும்: லில்லி ரெனே.