ஒரு தாயின் கால அட்டவணை



இறைவனுக்கென நேரம் ஒதுக்க இயலவில்லையே என்று வருந்தாத பெற்றோர் குறைவு. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். மாலையில் புறப்பாட நடவடிக்கை, கூடுதல் வகுப்பு; இரவில் வீட்டுப்பாடம். ஆசிரியர்களாகிய நமக்கோ நாள் பாடத்திட்டமும் திருத்த வேண்டிய பயிற்சிப் புத்தகங்களும் காத்திருக்கும். இந்நிலையில், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு தாயின் வரலாறு நமக்கு நல்லதொரு பாடமாக அமைகிறது.

அத்தாயின் பெயர் சூசன்னா வெஸ்லி. 1669-ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தவர். கணவர் சாமுவேல் வெஸ்லி, லிங்கன்ஷயரில் உள்ள எப்வொர்த் என்னும் சிற்றூரின் திருச்சபைப் போதகர். இவர்களுக்குப் பிறந்த பத்தொன்பது குழந்தைகளுள் பத்துப் பேரே உயிர்பிழைத்து வளர்ந்தனர். கடனைத் தீர்க்க இயலாமல் 1705-இல் கணவர் சிறை சென்றார். 1709-இல் வீடு தீக்கிரையானது. அப்போது ஐந்து வயதாயிருந்த ஜான் மேல்மாடிச் சன்னல் வழியாகக் கடைசி நேரத்தில் மீட்கப்பட்டான்.

இத்தனை இன்னல்களுக்கிடையிலும் சூசன்னா வீட்டையே பள்ளியாக்கினார். காலை மூன்று மணி நேரம், பிற்பகல் மூன்று மணி நேரம் பாடம் நடைபெற்றது. பெண் பிள்ளைகள் நன்கு வாசிக்கக் கற்ற பின்னரே அவர்களுக்கு வீட்டுவேலை பழக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. அக்காலத்தில் இஃது அரிய எண்ணமாகும்.

தனி ஜெபத்திற்கும் அவர் நாள்தோறும் நேரம் குறித்து வைத்திருந்தார். பொழுதுபோக்கிற்குச் செலவிடும் நேரம் இறைவழிபாட்டிற்குச் செலவிடும் நேரத்தைவிட மிகலாகாது என்று இளமையிலேயே தமக்கொரு விதி வகுத்துக்கொண்டதாகத் தம் மகனுக்கு எழுதியுள்ளார். வேலைக்கு நடுவே ஏப்ரனைத் தலைமேல் போர்த்திக்கொண்டு அவர் ஜெபிப்பார் என்றும், அவ்வேளையில் பிள்ளைகள் அவரை அணுகமாட்டார்கள் என்றும் ஒரு வழிவழிச் செய்தி உண்டு.

இவ்வரலாற்றில் தமிழ் மண்ணுக்கும் ஒரு பங்குண்டு. 1706-இல் டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்டுத் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், புளூட்சௌ ஆகிய இருவரும் தமிழ் கற்றுப் பணியாற்றினர். அவர்களுடைய பணியைப் பற்றிய கடிதங்கள் 1709-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன. கணவர் இலண்டன் சென்றிருந்த காலத்தில், மூத்த மகள் எமிலியா அந்நூலைத் தந்தையின் அறையில் கண்டெடுத்துத் தாய்க்கு வாசித்துக் காட்டினாள்.

அதைக் கேட்ட சூசன்னாவின் உள்ளம் உருகியது. தாம் ஆணும் அல்லர், போதகரும் அல்லர். எனினும் இப்போது செய்வதைவிடச் சிறிது கூடுதலாகச் செய்யலாமே என்று அவர் எண்ணினார். கடல் கடந்து செல்ல அவருக்கு வழியில்லை. ஆகவே, தம் வீட்டிலிருந்தே தொடங்கினார்.

ஒவ்வோர் இரவும் ஒரு பிள்ளையுடன் தனியே அமர்ந்து இறைவனைப் பற்றியும் அப்பிள்ளையின் மனநிலையைப் பற்றியும் உரையாடலானார். திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜான், வெள்ளி பாட்டி, சனி சார்ல்ஸ். ஞாயிறு எமிலியாவும் சூக்கியும் சேர்ந்து. 1712-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கணவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே இவ்வட்டவணையைக் குறிப்பிட்டுள்ளார். அப்போது சார்ல்ஸுக்கு வயது நான்கு.

சூசன்னாவிடம் குறையே இல்லை எனக் கூறுவதற்கில்லை. பிள்ளைகளைப் பிரம்பால் அடித்துத் திருத்துவது சரியென்றே அவர் நம்பினார். அதனை இன்று நாம் ஏற்கமாட்டோம். ஆயினும் மகனின் நெஞ்சில் ஏக்கமாக நிலைத்தது அந்தப் பிரம்பன்று. 1732-இல், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக விளங்கிய ஜான் வெஸ்லி தாய்க்கு ஒரு கடிதம் எழுதினார். முன்பு எனக்கு அளித்த அந்த வியாழக்கிழமை மாலையின் சிறு பகுதியை இப்போதும் எனக்காக ஒதுக்கமாட்டீர்களா என்பதே அவருடைய வேண்டுகோள். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

ஜானும் சார்ல்ஸும் பின்னர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்தனர். அவ்வியக்கம் 1885-இல் சிங்கப்பூரை வந்தடைந்தது. 1887-இல் சோபியா பிளாக்மோர் அங்கே ஒன்பது தமிழ்ச் சிறுமியரைக் கொண்டு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுவே இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. தரங்கம்பாடியிலிருந்து சென்ற செய்தி எப்வொர்த்தில் ஒரு தாயைத் தூண்டியது. அத்தாயின் மக்கள் தொடங்கிய இயக்கம் தமிழ்ச் சிறுமியருக்குக் கல்வி தந்தது. எண்ணிப் பார்க்கையில் வியப்பாக இருக்கிறது.

சூசன்னாவுக்கு ஓய்வு நேரம் கிடைத்ததில்லை. அவர் நேரத்தைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. கிழமை குறித்து ஒதுக்கினார். பிள்ளைக்கென ஒதுக்கிய நேரத்தையே இறைவனுக்கு உரியதாகவும் ஆக்கினார். பள்ளிக்குக் கால அட்டவணை வகுக்கும் நாம், நம் வீட்டுக்கும் ஒன்று வகுத்தால் என்ன? ஏழு மாலைகள் வேண்டா. கைப்பேசியை அணைத்துவிட்டு ஒரு பிள்ளையுடன் அமரும் ஒரு மாலை போதும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.