அரண்மனையிலிருந்து வாசகரிடம்: கல்கியின் இசை இதழியலும் எட்டயபுரமும்

முன்னுரை

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி (1899–1954) வரலாற்று நாவலாசிரியராகவே பெரிதும் ஆராயப்பட்டுள்ளார். ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் அவர் எழுதிய இசை விமரிசனங்கள் அவர்தம் படைப்புலகின் ஓரத்திலேயே வைத்து எண்ணப்படுகின்றன. ஆனால், கலைக்கான ஆதரவு அரசவையிலிருந்து இதழ் வாசகரிடம் இடம்பெயர்ந்த வரலாற்றில் அவ்விமரிசனங்களுக்கு முதன்மையான பங்குண்டு என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள எட்டயபுரத்தைக் களமாகக் கொண்டு இம்மாற்றம் இங்கு ஆராயப்படுகிறது.

அரண்மனையும் இசைநூலும்

முத்துக்குளித்துறைக்கு வடமேற்கே, கரிசல் நிலத்தில் அமைந்த எட்டயபுரம் சமஸ்தானம் இசைவாணர்களைப் புரந்தது. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் இங்கேயே மறைந்தார். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சமஸ்தான வித்துவானாக விளங்கினார். அம்மரபில் வந்த சுப்பராம தீட்சிதர், சின்னசாமி முதலியாரின் தூண்டுதலாலும் சமஸ்தானத்தின் ஆதரவாலும் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’யை எழுதினார். 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சேறிய அந்நூல் தெலுங்கில் அமைந்தது. கீர்த்தனைகளைச் சுரக்குறிப்புடன் காத்த அரும்பணி அது. எனினும் அதன் வாசகர் வித்துவான்களே.

1906இல் சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது, அதே ஊரில் பிறந்த பாரதி இரங்கற்பா பாடினார். அப்போது அவர் அரண்மனைப் பணியை விட்டு இதழாளராகியிருந்தார். பின்னாளில் ‘சங்கீத விஷயம்’ என்னும் கட்டுரையில், பொருள் விளங்காத சில பாடல்களே கச்சேரிதோறும் திரும்பத் திரும்பப் பாடப்படுவதைக் கண்டித்தார். கேட்போர் சார்பில் இசையை மதிப்பிடும் போக்கு இதில் வெளிப்படுகிறது.

‘கர்நாடகம்’ உருவாக்கிய வாசகர்

பாரதியிடம் காணப்படும் இப்போக்கைத் தொடர் பணியாக வளர்த்தவர் கல்கி. திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் இதழியல் பயின்ற அவர், 1930களில் ‘ஆனந்த விகடன்’ ஆசிரியராக இருந்தபோது கச்சேரிகளையும் நாட்டியத்தையும் பற்றி எழுதினார். இலக்கண நுட்பத்தைவிடக் கேட்பவரின் அனுபவமே அவருடைய அளவுகோல். எளிய நடையும் நகைச்சுவையும் கச்சேரி மண்டபத்திற்குச் செல்ல வாய்ப்பற்றவரையும் இசை பற்றிய உரையாடலுக்குள் கொணர்ந்தன.

1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்கள் இறுதியில் பாடப்படும் துக்கடாக்களாகச் சுருங்கிவிடக் கூடாது என்ற கோரிக்கை வலுப்பெற்றது. இசைக்கு மொழி இல்லை என்று எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். அவ்வாண்டில் தி. சதாசிவத்துடன் இணைந்து ‘கல்கி’ இதழைத் தொடங்கிய கிருஷ்ணமூர்த்தி, தமிழிசைக்காக உறுதியுடன் எழுதினார். கேட்பவருக்குப் பொருள் விளங்க வேண்டும் என்ற பழைய அளவுகோலே இங்கு இயக்கத்தின் வாதமாயிற்று. ‘மீரா’ (1945) படத்திற்குப் பாடல் எழுதியதன்வழி அவ்வாதத்திற்குத் தாமே செயல்வடிவமும் தந்தார்.

வாசகர் எழுப்பிய மண்டபம்

பாரதிக்கு எட்டயபுரத்தில் நினைவுமண்டபம் அமைக்கக் கல்கி தம் இதழ்வழி வேண்டுகோள் விடுத்தார். வாசகர்கள் நன்கொடை அனுப்பினர். 1945இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1947 அக்டோபரில் இராஜாஜியால் மண்டபம் திறந்துவைக்கப்பட்டது. முன்பு ஜமீன் செலவில் இசைநூல் அச்சேறிய ஊரில், இப்போது வாசகர் பணத்தில் கவிஞனுக்கு மண்டபம் எழுந்தது. விமரிசனத்தின்வழிக் கருத்துரைக்கப் பழகிய வாசகர் திரள் இங்குப் புரவலராகவும் மாறியது எனலாம்.

முடிவுரை

இம்மாற்றத்தை முழு வளர்ச்சியாக மட்டும் கொள்வதற்கில்லை. சுரக்குறிப்பு நூலைப் போலப் பாடலின் இசைவடிவைக் காக்கும் ஆற்றல் வார இதழ் விமரிசனத்திற்கு இல்லை. அரண்மனை இசையைக் காத்தது. இதழ் கேட்போரை உருவாக்கியது. கச்சேரிகள் அரிதாகவே ஒலிப்பதிவு செய்யப்பட்ட அக்காலத்தில் கேட்டவர் எதை விரும்பினர், எதை வெறுத்தனர் என்பதற்கு ‘கர்நாடகம்’ கட்டுரைகள் நேரடிச் சான்றுகள். ஆகவே அவற்றை நாவலாசிரியரின் உபரி எழுத்தாகக் கருதாமல், இசை வரலாற்றின் முதன்மைத் தரவுகளாகக் கொண்டு ஆராய்தல் வேண்டும்.